முதலில் கவனியுங்கள், பிறகு பாராட்டுங்கள்

கேள்வி: பனியன் கம்பெனியில் பவர்டேபிள் (தையல் பிரிவு) சூப்பர்வைசராக இருக்கிறேன். செய்கிற வேலைக்குச் சம்பளம் கொடுக்கிறோம், அதற்கு மேல் பாராட்டு எதற்கு? பாராட்டினால் தலைக்கனம் ஏறுகிறது, அடுத்த வாரமே கூலியைக் கூட்டிக் கேட்கிறார்கள். பாராட்டிப் பார்த்தும் பயனில்லை என்பதே என் அனுபவம்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: என்ன சொல்லிப் பாராட்டினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. "நல்லாத் தைக்கறம்மா, இன்னைக்கு ஒன்றரை ஷிப்ட் இருந்துட்டுப் போ" என்ற வகையாக இருந்தால், அது பாராட்டே இல்லை. வேலை வாங்குவதற்கு முன்னால் தடவுகிற வெண்ணெய். கேட்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-ல் கல்லூரி மாணவர்களிடம் புதிர்களைக் கொடுத்துச் சோதித்தார். விடுவித்த புதிருக்குக் காசு பெற்றவர்களுக்கு, காசு நின்றதும் புதிர் மேலிருந்த ஆர்வம் குறைந்தது. வாய்மொழியாகப் பாராட்டப்பட்டவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. (கூலியைக் குறைக்க இதை ஆதாரமாக எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். வாழ்வதற்கான கூலியைப் பற்றிய சோதனை இல்லை இது.) பிறகு அவருடன் இணைந்து ஆய்வு செய்த ரிச்சர்ட் ரயன் இன்னொன்றைக் கண்டார்: "நன்றாகச் செய்தாய், இப்படித்தான் செய்ய வேண்டும்" என்று கட்டுப்படுத்தும் தொனியில் சொன்னால், அந்தப் பாராட்டே ஆர்வத்தைக் கெடுக்கிறது. உங்கள் அனுபவத்துக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, எப்படிப் பாராட்டுவது? ஜப்பானில் டெஸ்ஸெய் என்று ஒரு நிறுவனம், புல்லட் ரயில்களைச் சுத்தம் செய்வது அதன் வேலை. டோக்கியோ நிலையத்தில் ரயில் நிற்பது 12 நிமிடம். பயணிகள் இறங்கி ஏறும் நேரம் போக, சுத்தம் செய்யக் கிடைப்பது 7 நிமிடம். துப்புரவு வேலை என்று மற்றவர்கள் தாழ்வாகப் பார்த்ததில் ஊழியர்களும் சோர்ந்திருந்த நிலையில், 2005-ல் டெருவோ யாபே என்ற அதிகாரி அங்கே வந்தார். அவர் கொண்டுவந்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஏஞ்சல் ரிப்போர்ட்'. சக ஊழியர் செய்த நல்ல வேலையை, இன்னார் இன்னது செய்தார் என்று மேற்பார்வையாளர்கள் கவனித்து எழுதித் தர வேண்டும். பெரிய சாதனைதான் வேண்டும் என்பதில்லை. சத்தமில்லாமல் தினமும் ஒழுங்காகச் செய்கிற வேலைக்கும் அதில் இடமுண்டு. அப்படி எழுத வேண்டுமானால் மேற்பார்வையாளர் முதலில் கண்ணைத் திறந்து பார்த்தாக வேண்டும் அல்லவா? தவறை மட்டுமே தேடிப் பழகிய கண்ணுக்கு இது சுலபமான வேலை இல்லை.

உங்கள் பவர்டேபிளுக்கே வருவோம். வெட்டிய துணிகளின் பண்டலைப் பிரிக்கும்போது ஷேடு, அதாவது துணியின் நிறச்சாயல், மாறியிருப்பதைக் கைமடிக்கும் பெண் (டெய்லருக்குத் துணியை எடுத்துக் கொடுத்து உதவுகிறவர்) பார்த்துவிடுகிறார். எடுத்துத் தனியாக வைக்கிறார். பார்க்காமல் விட்டிருந்தால் அத்தனையும் தைத்து முடித்து, செக்கிங்கில் மாட்டி, பிரித்து மறுபடி தைக்க வேண்டியிருக்கும். அன்றைக்கே அவரிடம் போய், "ஷேடு மாறினதை நீங்க பாத்ததால அந்த லாட் தப்பிச்சதுங்க" என்று சொல்லுங்கள். ஒரே வாக்கியம் போதும். அதோடு ஓவர்டைம் பேச்சை ஒட்டவைக்காதீர்கள். ஆண்டு விழாவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி சால்வை போர்த்துவது இதற்கு ஈடாகாது, யாருக்கு எதற்கு என்று போர்த்துகிறவருக்கே தெரியாது.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. அன்று மாலை முதலாளி கேட்கும்போது "நான் பாத்துச் சரி பண்ணிட்டேன் சார்" என்று சொல்லும் சூப்பர்வைசர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்கிறவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் முதலாளியின் காதுக்குப் போக உங்களை விட்டால் வேறு வழி கிடையாது.

கூலி கூட்டிக் கேட்பது பற்றி: கேட்கட்டுமே. கேட்க வைத்தது தலைக்கனம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? தன் வேலையின் மதிப்பு இன்னது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, நீங்களும்தான் அதைச் சொல்லியிருக்கிறீர்கள். முதலாளியிடம் அவர் பெயரைச் சொல்லப் போகும்போது, அந்தக் கோரிக்கையையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.