ஆபரேஷன் நடுவே கர்ப்பப்பைப் பரிசோதனை: அந்த அரை மணி நேரத்தில் முடிவாவது என்ன?

கேள்வி: உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 59. மாதவிலக்கு நின்று எட்டு வருடம் ஆன பிறகு மறுபடியும் உதிரம் பட்டது. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு 14 மில்லிமீட்டர் தடித்திருப்பதாகச் சொன்னார்கள். சுரண்டி எடுத்து அனுப்பிய சதைப் பரிசோதனையில், ‘செல் மாறுபாடுகளுடன் கூடிய உள்சவ்வுத் தடிப்பு, புற்றுநோய் இல்லை என்று உறுதியாகச் சொல்ல இயலாது’ என்று வந்திருக்கிறது. மதுரையில் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே அதைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் நெறிகளையும் (நிணநீர்க் கணுக்கள்) எடுப்பார்களாம். அப்படியானால் முதல் பரிசோதனை தப்பா? வெட்டிப் பார்த்தால் நோய் பரவிவிடும் என்கிறார் மாமா. அம்மா மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கப் போகிறவர். எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பதே அவர் கவலை.

பதில்: முதல் பரிசோதனை தப்பில்லை. சுரண்டி எடுக்கும்போது உள்சவ்வின் மேற்பகுதி மட்டுமே, அதுவும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். உள்ளே ஒரு மூலையில் சிறிய புற்று இருந்து அந்த இடம் கருவியில் அகப்படாமல் போவது உண்டு. செல் மாறுபாடுகளுடன் கூடிய தடிப்பு என்று அறிக்கை வந்த பெண்களின் கர்ப்பப்பையை உடனே எடுத்து ஆராய்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2006இல் வெளியானது. அவர்களில் 100க்கு 40க்கும் மேற்பட்டவர்களிடம் அப்போதே புற்றுநோய் இருந்தது. ஆகவே உங்கள் மருத்துவர் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வதும், எடுத்த கையோடு அதைத் திறந்து பார்க்க ஏற்பாடு செய்வதும் முறையான யோசனைகளே.

ஃப்ரோசன் செக்‌ஷன் எனப்படும் இந்த உறைதிசுப் பரிசோதனையின் வேலை நோய்க்குப் பெயர் வைப்பது என்றுதான் பெரும்பாலான குடும்பங்கள் எண்ணிக்கொள்கின்றன. நோய்க்குப் பெயர் வைப்பது பின்னால் வரும் முழு அறிக்கையின் வேலை. நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே அறுவை மருத்துவர், திசுக்களை ஆராயும் நோய்க்குறியியல் மருத்துவர்களான எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா, இன்னும் போக வேண்டுமா? இன்னும் போவது என்றால், இடுப்புக்குழியில் பெரிய இரத்தக்குழாய்களை ஒட்டியும், சில சமயம் அதற்கும் மேலே வயிற்றுக்குள் பெருந்தமனியை ஒட்டியும் உள்ள நிணநீர்க் கணுக்களை, அதாவது நம் பக்கத்தில் நெறி என்று சொல்வதை, எடுப்பதாகும்.

எல்லோருக்கும் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நெறிகளை முழுவதுமாக எடுத்த பெண்களில் ஒரு பகுதியினருக்குக் காலில் நிணநீர் தேங்கி வீக்கம் நிரந்தரமாகிவிடுகிறது. விடிவதற்கு முன்னே தோட்டத்தில் இறங்கி வெயில் ஏறும்வரை நின்றுகொண்டே பூ எடுக்கும் உங்கள் அம்மாவுக்கு அது சின்ன விஷயமல்ல. அதே நேரத்தில், ஆரம்ப நிலையில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் வழக்கமாக நெறிகளை எடுப்பதால் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை என்று 2008, 2009 ஆண்டுகளில் ஐரோப்பாவிலிருந்து வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. எனவே யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. அதற்கு உதவுவது அந்த அரை மணி நேரம்.

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கர்ப்பப்பை முழுதாக, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தை ஊற்றாமல், ஈரம் காயாதபடி மூடிய தட்டில் எங்கள் அறைக்கு வரும். வெளிப்புறத்தைப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் வெட்டிப் புத்தகம்போல் விரிப்போம். உள்சவ்வில் வளர்ச்சி இருந்தால் அது பெரும்பாலும் வெளிறிய, மெத்தென்ற, எளிதில் உதிரக்கூடிய சதையாகத் தெரியும். அடுத்து சுவரை வரிசையாகச் சீவி, அந்த வெளிறிய நிறம் தசைக்குள் எங்கே மிக ஆழமாக இறங்கியிருக்கிறது என்று தேடுவோம். ஸ்கேலை வைத்து அளப்பதும் உண்டு. சுவர் 16 மில்லிமீட்டர், வளர்ச்சி இறங்கியது 5 மில்லிமீட்டர் என்றால் பாதிக்குள் அடங்குகிறது. 10 மில்லிமீட்டர் என்றால் பாதியைத் தாண்டிவிட்டது. இந்தப் பாதி என்ற எல்லைதான் நிறுத்துவதா, போவதா என்பதில் பெரும்பங்கு வகிக்கிறது. அதோடு செல்கள் எவ்வளவு முரடாக மாறியிருக்கின்றன, கட்டியின் குறுக்களவு 2 சென்டிமீட்டருக்கு மேலா, கர்ப்பப்பை வாய்க்குள் இறங்கியிருக்கிறதா என்பவற்றையும் சேர்த்துச் சொல்வோம். செல்கள் முரடாக இல்லாமல், பாதிக்குள் அடங்கி, 2 சென்டிமீட்டரைத் தாண்டாத கட்டி என்றால் நெறிகளில் நோய் இருப்பது மிக அரிது.

கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடத்திலிருந்து சிறு துண்டை எடுத்து, உலோக வில்லையின்மேல் பசைபோன்ற திரவத்தில் பதித்து, கிரையோஸ்டாட் என்ற இயந்திரத்துக்குள் வைப்போம். உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி அளவுக்குக் குளிர் இருக்கும். கல்லாக உறைந்த திசுவை அதிலுள்ள கத்தி ஐந்து மைக்ரான் கனத்தில் சீவும். ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கு அது. சுருண்டுவரும் அந்த ஏட்டைத் தூரிகையால் நீவி, கண்ணாடி ஸ்லைடை மேலே காட்டினால் தானாகவே ஒட்டிக்கொள்ளும். சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுத் தியேட்டருக்குப் போன் செய்யும்போது, கர்ப்பப்பை எங்கள் கைக்கு வந்து இருபது முதல் முப்பது நிமிடம் ஆகியிருக்கும். 1905இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லூயிஸ் வில்சன் இந்த முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, மின்னசோட்டாவின் குளிர்காலத்தில் திசுவை ஜன்னலுக்கு வெளியே வைத்தே உறையவைத்தார் என்பார்கள். சித்திரை மாத மதுரையில் நாங்கள் இயந்திரத்தையும் தடையில்லா மின்சாரத்தையும்தான் நம்பியிருக்கிறோம்.

மாமாவின் பயத்துக்கு வருகிறேன். திறப்பதும் சீவுவதும் உடலுக்கு வெளியே, வேறோர் அறையில், முழுதாக எடுக்கப்பட்ட கர்ப்பப்பையில் நடப்பவை. அதனால் அம்மாவின் உடலுக்குள் எதுவும் பரவ வழியில்லை. ஆனால் அவர் சொல்வதில் கவனிக்க வேண்டிய ஒன்று வேறிடத்தில் இருக்கிறது. துளைவழி அறுவையில், பெரிய கர்ப்பப்பையை வயிற்றுக்குள்ளேயே துண்டாக்கி வெளியே எடுக்கும் வழக்கம் சாதாரண நார்த்திசுக் கட்டிகளுக்கு உண்டு. புற்றுநோய்ச் சந்தேகம் உள்ளவருக்கு அப்படிச் செய்யக் கூடாது. துளைவழி அறுவை என்று முடிவானால், ‘முழுதாகத்தானே எடுப்பீர்கள்?’ என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்தப் பரிசோதனையின் குறைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். உறையும்போது திசுவிலுள்ள நீர் பனிப்படிகமாகி ஓட்டை ஓட்டையாக்கிவிடும்; செல்களும் உப்பித் தெரியும். முற்றிய தடிப்புக்கும் தொடக்கநிலைப் புற்றுக்கும் உள்ள வேறுபாடு மெழுகில் பதித்த நல்ல ஸ்லைடிலேயே நுணுக்கமானது. உறைதிசுவில் இன்னும் கடினம். உங்கள் அம்மா இருப்பது சரியாக இந்த எல்லைக்கோட்டில்தான். உள்சவ்வுச் சுரப்பிகள் இயல்பாகவே தசைக்குள் இறங்கியிருக்கும் அடினோமயோசிஸ் என்ற நிலையும், புற்று ஆழமாகப் போய்விட்டதுபோல் ஏமாற்றும். அப்படிப்பட்ட நேரத்தில், ‘இப்போது முடிவு சொல்ல இயலாது, முழு அறிக்கை வரட்டும்’ என்று நான் தியேட்டருக்குச் சொன்ன நாட்கள் உண்டு. வெளியே காத்திருக்கும் உறவினர்களுக்கு அது கையாலாகாத பதிலாகப் படுகிறது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி நெறிகளை எடுக்கவைப்பதைவிட அது மேல் என்பது என் கருத்து.

இரண்டு அறிக்கைகளும் மாறுபட்டால்? உறைதிசுவில் பாதிக்குள் என்று சொன்னது முழு அறிக்கையில் பாதிக்கு மேல் என்று வருவது சிலருக்கு நடக்கிறது. அப்போது மீண்டும் ஸ்கேன், கதிர்வீச்சு, அபூர்வமாக இரண்டாவது அறுவை என்று மருத்துவர் குழு கூடி முடிவெடுக்கும். பச்சை ஒளிரும் சாயத்தைச் செலுத்தி, நோய் முதலில் சென்று சேரக்கூடிய காவல் நெறியை மட்டும் எடுக்கும் முறை சில பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. அந்த வசதி இருந்தால் கால்வீக்க அபாயம் வெகுவாகக் குறையும், உறைதிசுப் பரிசோதனையைச் சார்ந்திருப்பதும் குறையும், கேட்டுப் பாருங்கள்.

தேதி குறிப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மருத்துவமனையிலேயே கிரையோஸ்டாட்டும், அன்றைக்குப் பணியில் இருக்கும் நோய்க்குறியியல் மருத்துவரும் உண்டா என்று விசாரியுங்கள். கர்ப்பப்பையை ஃபார்மலின் டப்பாவில் போட்டு உறவினர் கையில் கொடுத்து, பஸ்ஸில் மதுரைக்கு அனுப்பும் வழக்கம் நம் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது. அப்படி வந்த ஒரு டப்பாவின் சீட்டில் ‘அவசரம், ஃப்ரோசன்’ என்று எழுதியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஃபார்மலினில் விழுந்த திசு உறைதிசுப் பரிசோதனைக்கு உதவாது. அதோடு டப்பா என்னிடம் வந்து சேர்ந்தபோது அந்த அம்மாளின் வயிற்றைத் தைத்து முடித்திருந்தார்கள்.

முந்தைய சதைப் பரிசோதனையின் அறிக்கையை மட்டும் கொண்டுபோகாமல், ஸ்லைடுகளையும் திசு பதித்த மெழுகுக் கட்டிகளையும் அந்த ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போங்கள். அதை மறுபார்வை செய்தாலே சில சமயம் புற்று என்று உறுதியாகிவிடும். சம்மதப் படிவத்தில் கர்ப்பப்பை, சினைப்பைகள், தேவைப்பட்டால் நெறிகள் என்று எல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அம்மாவுக்கு விளக்கிய பிறகு அவரே கையெழுத்திடட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், கூடுதல் அறுவைக்கும் அனுமதி பெறப்பட்டதா என்று காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள்.

வேலைக்குத் திரும்புவதைப் பொறுத்தவரை, வயிற்றைத் திறந்து செய்தால் ஆறு வாரமாவது பாரம் தூக்கக் கூடாது. துளைவழியாகச் செய்தால் சற்று முன்னதாகவே நடமாடலாம். நெறிகளை எடுத்திருந்தால், தோட்டத்தில் முள்ளோ கல்லோ காலில் கிழிக்காதபடி செருப்புப் போட்டுப் பூ எடுக்கச் சொல்லுங்கள். கால் கனப்பதாகச் சொன்னால் தைலம் தேய்த்து நாளைக் கடத்தாமல் அழைத்து வாருங்கள்.

முழு அறிக்கை வர ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். புற்றுநோய் என்று வந்தால், அதே மெழுகுக் கட்டியில் பி53, எம்எம்ஆர் ஆகிய புரதப் பரிசோதனைகளும் செய்யப்பட்டனவா என்று கேளுங்கள். எம்எம்ஆர் புரதம் இல்லை என்று வந்தால், நோய் பரம்பரையாக வந்ததாகவும் இருக்கலாம்; எனவே அம்மாவுடன் பிறந்தவர்கள் யாருக்காவது குடல் புற்றோ கர்ப்பப்பைப் புற்றோ இருந்ததா என்று வீட்டில் பெரியவர்களிடம் விசாரித்து எழுதிக்கொண்டு, அந்தத் தாளையும் மருத்துவரிடம் கொடுங்கள்.