தொண்டையில் துளை போடக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா?

பாம்பனிலிருந்து ஒரு மகன் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 62 வயது. விசைப்படகில் தொழில், இளவயதிலிருந்தே பீடி. ஏப்ரல் கடைசியில் மதுரையில் பைபாஸ் ஆபரேஷன் ஆனது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மறுநாள் காலையிலேயே வென்டிலேட்டர் ட்யூபை எடுத்துவிட்டார்கள். அப்பாவுக்கு நான்காம் நாள் எடுத்தார்கள். அன்று ராத்திரியே மூச்சு வாங்கி, மறுபடி வென்டிலேட்டர். இப்போது ஒன்பதாம் நாள். "தொண்டையில் துளை போடக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டால் பேச்சு போய்விடும், கடைசி வரைக்கும் மெஷின்தான் என்று ஊரில் சொல்கிறார்கள். என்ன செய்வது? வீட்டுக்கு வந்தால் எப்படிப் பார்த்துக்கொள்வது? மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு இறங்கும்போது அப்பா போகலாமா?"

கையெழுத்துப் போடலாம், தம்பி. போடுவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: நான்காம் நாள் ட்யூபை எடுத்தபோது அப்பாவால் ஏன் தாக்குப்பிடிக்க முடியவில்லை? அந்தக் காரணம் தெரிந்து அதற்கு வைத்தியம் நடந்தால்தான் துளை போட்டதற்குப் பலன் கிடைக்கும்.

பைபாஸ் ஆனவர்களில் பெரும்பாலோருக்கு 6 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் ட்யூபை எடுத்துவிடுவோம். 24 மணி நேரத்தைத் தாண்டினால் ஏதோ ஒன்று தடுக்கிறது என்று தேட ஆரம்பிக்க வேண்டும். பீடிப் புகை அரித்த நுரையீரலில் சளி நிறைய இருக்கும், உள்ளே போன காற்று முழுசாக வெளியே வராது. அது எல்லோருக்கும் புரிகிற காரணம். பலருக்கும் தோன்றாத காரணம் இதயம்.

வென்டிலேட்டர் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தால் உடம்பிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கொஞ்சம் குறைகிறது, இதயத்தின் வேலையும் லேசாகிறது. மெஷினை எடுத்ததும் ரத்தம் மொத்தமாகத் திரும்பி வரும். ஆபரேஷன் ஆகி நாலு நாளான இதயத்தால் அதை வெளியே தள்ள முடியாவிட்டால் நுரையீரலில் நீர் கோக்கும். பார்ப்பவர்களுக்கு அது நுரையீரல் கோளாறாகத் தெரியும். நீர் பிரிய மருந்து கொடுத்து, எக்கோ எடுத்து இதயத்தின் பம்பு பலத்தைப் பார்த்துவிட்டு அடுத்த முயற்சிக்குப் போனால், அதே மனிதர் சுலபமாக மூச்சு விடுவதைப் பார்க்கலாம். அதனால் எக்கோ பார்த்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்று, வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம். மூச்சில் பெரும் பங்கு அந்தத் தசையின் வேலைதான். அதற்குப் போகும் நரம்பு இதயத்தை ஒட்டி ஓடுகிறது. ஆபரேஷனின்போது இதயத்தைச் சுற்றிப் பனிக்கட்டி வைத்தால் குளிரில் அது மரத்துப்போகலாம், பெரும்பாலும் இடது பக்கம். ஸ்கேனில் பார்த்தால் தெரியும். பலருக்குத் தானாகவே சரியாகும், ஆனால் வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு ஆகும். அதுபோக, மாவுக்கட்டுப் போட்ட கை மெலிவது போல, மெஷினே மூச்சு விட்டால் அந்தத் தசையும் சில நாளிலேயே மெலியும்.

அதனால்தான் தினமும் காலையில் மயக்க மருந்தை நிறுத்தி, மெஷின் உதவியைக் குறைத்து, அரை மணியிலிருந்து 2 மணி நேரம் வரை அவரையே மூச்சு விடச் சொல்லிப் பார்க்கிறார்கள். தலைமாட்டை உயர்த்தி நர்ஸ் பக்கத்திலேயே நிற்பார். மூச்சு நிமிடத்துக்கு 35-ஐத் தாண்டுகிறதா, நெற்றி வியர்க்கிறதா, கழுத்து நரம்பு புடைக்கிறதா, ஆக்சிஜன் 90-க்குக் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பார். ஒரு நாள் முடியாமல் போனால் "ஃபெயில்" என்று சொல்வார்கள். அந்த வார்த்தையைக் கேட்டு உடைந்துபோகாதீர்கள். நேற்று 10 நிமிடம் தாங்கியவர் இன்று 40 நிமிடம் தாங்கினால் அது நல்ல சேதி. எத்தனை நிமிடம் தாங்கினார் என்று தினமும் கேட்டுக் குறித்துவையுங்கள்.

சரி, தொண்டைத் துளைக்கு வருவோம். வாய் வழியாகப் போன ட்யூப் நாள்பட்டால் குரல்வளையைப் புண்ணாக்கும். அதைத் தாங்கத் தூக்க மருந்து தேவைப்படும், தூக்க மருந்து கொடுத்தால் தசைக்கு வேலையில்லை. கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக ட்யூபை வைத்தால் இந்தச் சிக்கல் விடும்: மருந்து குறையும், சளியை உறிஞ்சுவது சுலபம், அவரை உட்கார வைக்கலாம், நடக்கக்கூட வைக்கலாம். 7 முதல் 10 நாளுக்கு மேல் மெஷின் தேவைப்படும் என்று தோன்றினால் இந்த யோசனையைச் சொல்வது வழக்கம்தான். பேச்சு நிற்பது, காற்று குரல் நாண்களுக்குக் கீழேயே வெளியேறுவதால். ட்யூபின் பலூனை இறக்கி ஒரு வால்வு மாட்டினால் பலர் ட்யூபோடேயே பேசுவார்கள். தேவை முடிந்து ட்யூபை எடுத்தால் அநேகமாக ஒன்றிரண்டு வாரத்தில் துளை தானாக மூடிக்கொள்ளும்.

பார்வை நேரத்தில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அவருடைய கண்ணாடியைக் கொண்டுபோய் மாட்டுங்கள். இன்று என்ன கிழமை, மணி எத்தனை என்று சொல்லுங்கள். ஐசியுவில் பகலும் இரவும் குழம்பினால் வயதானவர்கள் ட்யூபைப் பிடுங்கிவிடுவார்கள். குரல் வராமல் பயந்திருப்பார், அது திரும்பி வரும் என்று சொல்லிவிட்டு, தலையாட்டிப் பதில் சொல்கிற கேள்வியாகக் கேளுங்கள். நாற்காலியில் உட்கார வைத்தால் "பாவம், படுக்கட்டும்" என்று தடுக்காதீர்கள். முக்கியமாக, ராமேஸ்வரம் தீர்த்தமோ ஏர்வாடி தர்காவில் ஓதிய தண்ணீரோ எதுவானாலும் நெற்றியில் தடவுங்கள். டாக்டர் சொல்லும் முன் வாயில் ஒரு சொட்டு விட்டாலும் நேராக நுரையீரலுக்குள் இறங்கலாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது துளை மூடியிருந்தால் நல்லது. ட்யூபோடு அனுப்பினால், சளி உறிஞ்சும் மெஷின், கரண்ட் போனால் ஓட பேட்டரி, மாற்று ட்யூப், இவை இல்லாமல் பாம்பனுக்குக் கிளம்பாதீர்கள். வீட்டில் இரண்டு பேராவது நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தங்கள் கையால் சளி எடுத்துப் பழகியிருக்க வேண்டும். காற்றடி காலத்தில் உங்கள் பக்கம் மணல் பறக்கும், ட்யூப் வாயில் வடிகட்டி மாட்டாமல் திண்ணையில் உட்கார வைக்கக் கூடாது. துளை முழுசாக மூடும் வரை கடல் குளியலும் 22 தீர்த்த நேர்த்திக்கடனும் வேண்டாம்.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து மெஷின் ஒன்று கொடுப்பார்கள். நிறையப் பேர் அதை ஊதுகிறார்கள். அது ஊதுவதற்கில்லை, உறிஞ்சுவதற்கு. மூச்சை முழுசாக வெளியே விட்டு, வாயில் கவ்வி, மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். மூன்று பந்தும் ஒரு நொடி துள்ளி விழுவதைவிட ஒரு பந்து 3 நொடி மேலேயே நிற்பது மேல். விழித்திருக்கும்போது மணிக்கு 10 தடவை. அப்புறம், துண்டை நாலாக மடித்து நெஞ்சு எலும்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு இரும வேண்டும். வலிக்குப் பயந்து இருமலை அடக்கினால் சளி கீழே தங்கிக் காய்ச்சல் வரும்.

பீடி ஒன்றுகூட வேண்டாம். விறகடுப்புப் புகையும், பக்கத்தில் கருவேலங்கரி மூட்டம் இருந்தால் அந்தப் புகையும் அதே கெடுதலைச் செய்யும். கருவாட்டையும் ஊறுகாயையும் நிறுத்துங்கள், உப்பு உடம்பில் நீரைத் தேக்கும். தினமும் காலையில் எடை பாருங்கள். 3 நாளில் 2 கிலோ கூடினாலோ, மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தாலோ, காய்ச்சலோடு மஞ்சள் சளி வந்தாலோ, நெஞ்சு எலும்பு அசையும்போது கடக்கென்றாலோ, மதுரை போய்க் காட்டிக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை என்றால் உடனே 108. டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் எப்போதும் கையில் இருக்கட்டும்.

கடல் விஷயம். தடைக்காலம் ஜூன் 14-ல் முடிகிறது, அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனது ஏப்ரல் கடைசியில். இரண்டாகப் பிளந்த நெஞ்சு எலும்பு பாரம் தாங்க 3 மாதம் ஆகும், அதுவும் ஐசியுவில் இத்தனை நாள் இருந்தவருக்கு இன்னும் கூடலாம். வலை இழுப்பது, நங்கூரம் தூக்குவது எதுவும் அதுவரை கிடையாது. ஜூனில் கரையில் வலை பின்னலாம், கடற்கரையோரம் காலையும் மாலையும் நடக்கலாம். ஆகஸ்டில் எக்கோ எடுத்து, நடைப் பரிசோதனை செய்து, டாக்டர் சரி என்றால், கூட ஆள் இருக்கும் படகில், அன்றைக்கே கரை திரும்பும் தொழிலாகத் தொடங்கலாம்.