கடுங்குளிரில் கடற்கரையில் நின்று சூரியன் மறைவதைப் படம் எடுப்பது எப்படி? (டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து கொரியா போகிறேன்)

22 டிகிரிக்கு இறங்கினாலே ஜாக்கெட் தேடுகிற ஊர்க்காரர்கள் நாம். அதனால் கேமராவை விட உங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

போன ஜனவரியில் இன்சோன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள உல்வாங்னி கடற்கரைக்குக் குடும்பத்தோடு போனேன். அன்று மைனஸ் 9. மேற்குப் பார்த்த கடற்கரை என்பதால் சூரியன் கடலில் இறங்குவது நன்றாகத் தெரியும். வடமேற்குக் காற்றும் முகத்திலேயே அறையும்.

சூரியன் தண்ணீரைத் தொட இன்னும் பத்து நிமிடம். காலையில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி படுத்துவிட்டது. விற்றவரை நான் திட்டிக்கொண்டிருக்க, மனைவி அதை வாங்கித் தன் கோட்டுக்குள் அக்குளில் செருகிக்கொண்டார். சற்று நேரத்தில் பேட்டரிக்கு உயிர் வந்துவிட்டது! குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடும். உள்ளே மின்சாரம் இருந்தும் வெளியே வராது. ஆகவே இரண்டு பேட்டரி கூடுதலாக எடுத்துப்போங்கள். வைக்கும் இடம் உள்சட்டைப் பை, கேமராப் பை அல்ல.

சூரியன் மறைந்ததும் பலர் காருக்கு ஓடினார்கள். “ஏங்க, போதும் வாங்க, பிள்ளைக்கு மூக்கு சிவந்துடுச்சு” என்று எனக்கும் அழைப்பு வந்தது. நம்மூரில் சூரியன் கிட்டத்தட்ட நேராக விழும். இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் போனால் இருட்டிவிடும். அங்கே சாய்வாக, வலப்பக்கம் நகர்ந்துகொண்டே இறங்குகிறது, அந்தி வெளிச்சம் அரை மணி நேரம் நிற்கிறது. என் நல்ல படங்கள் எல்லாம் அந்த அரை மணியில் எடுத்தவைதான். ஃபிரேமில் வலது பக்கம் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். கிளம்பும் முன் ஓத நேரமும் பாருங்கள். இன்சோன் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 9 மீட்டர் வரை வித்தியாசம் வரும். வற்றும்போது கடல் எங்கோ போய்விடும், ஈரச் சேற்றில் வானம் தெரியும். எனக்கு அதுதான் பிடித்தது.

அரை மணி நிற்க வேண்டுமென்றால் விரல்கள் வேலை செய்ய வேண்டும். மெல்லிய கையுறை, அதன் மேல் தடித்தது ஒன்று. அங்குள்ள கடைகளில் சூட்டுப் பொட்டலம் கிடைக்கும் (உள்ளே இரும்புத் தூள், காற்றுப் பட்டதும் சூடாகும்). பைக்கு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். டிரைபாட் காலை வெறுங்கையால் தொடாதீர்கள்.

கடைசியாக, ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி பூக்குமே, அங்கே அது தலைகீழ். குளிரிலிருந்து சூடான இடத்துக்குள் நுழையும்போது பூக்கும். மெமரி கார்டை எடுத்துக்கொண்டு, கேமராவை வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள். நாங்கள் சிப்பி நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்தபோது மனைவியின் மூக்குக்கண்ணாடி முழுக்க வெள்ளை. மடியில் இருந்த பைக்கு வெளியேயும் அப்படித்தான். உள்ளே கேமரா காய்ந்தே இருந்தது. பையைத் திறந்தது இரண்டு மணி நேரம் கழித்து, ஹோட்டலில்.