வெங்காய செல்லில் பச்சையே தெரியவில்லையா?

உங்கள் நுண்ணோக்கி ஸ்லைடில் தப்பு ஒன்றும் இல்லைங்க. தாவர செல் என்றால் பசுங்கணிகம் (வெளிச்சத்தை வைத்து உணவு தயாரிக்கும் பச்சை மணி) இருக்கும் என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கிறதே, மகள் உரித்த வெங்காயத் தோலில் வெறும் கட்டங்கள்தான் தெரிகின்றன என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் படம் எல்லா உறுப்புகளையும் ஒரே செல்லில் அடைத்துக் காட்டும் ஒரு பொதுப்படம், நிஜத்தில் ஒவ்வொரு செல்லும் தன் வேலைக்குத் தேவையானதைத்தான் வைத்திருக்கும். வெங்காயம் மண்ணுக்குள் உணவைச் சேமிக்கும் இலையடி, வெளிச்சமே படாத இடத்தில் பசுங்கணிகத்துக்கு என்ன வேலை?

பச்சை பார்க்க வேண்டுமென்றால் மீன் தொட்டிக்கு வாங்கும் ஹைட்ரில்லாவின் இளம் இலை ஒன்றைத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டே அடுக்கு செல்கள் என்பதால் சாயம்கூட வேண்டாம், சில சமயம் பச்சை மணிகள் செல்லுக்குள் ஓரமாக ஊர்ந்து சுற்றுவதே தெரியும் (முதல்முறை பார்த்தபோது நான் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்).

வெங்காயத்தில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் உட்கரு மஞ்சள் புள்ளியாக எடுப்பாகத் தெரியும். அப்புறம் கன்னத்தின் உள்பக்கம் சுரண்டி எடுத்த செல்களை ஸ்லைடில் வைத்து மெத்திலீன் நீலம் என்ற சாயம் போட்டால், அவை செல்சுவர் இல்லாததால் ஒழுங்கில்லாத வடிவில் மடிந்து கிடக்கும். தயிர் பாக்டீரியாவுக்குச் சுவர் உண்டு, உட்கரு கிடையாது, அகலமோ சுமார் 1 மைக்ரோமீட்டர்தான், அதனால் 400 மடங்கில் வெறும் கோடும் புள்ளியுமாகத்தான் தெரியும். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் துகளான ரைபோசோமைத் தேடாதீர்கள், அது எலக்ட்ரான் நுண்ணோக்கி சமாசாரம்.