சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம்: மலிவு விமானமா, முழுச் சேவை விமானமா?

கேள்வி: வவுனியாவிலிருந்து அப்பா அம்மாவுடன் முதல் தடவையாகச் சென்னைக்குப் போகிறோம். கல்யாணச் சாமான் வாங்கும் பயணம். இவ்வளவு குறுகிய தூரத்துக்கு மலிவுக் கட்டண விமானம் போதுமா, அல்லது கூடக் கொடுத்து முழுச் சேவை விமானத்தில் போவது நல்லதா?

பதில்:

எனக்குக் கிளிநொச்சி, இரணைமடுப் பக்கம் வீடு. அம்மாவின் கண் சிகிச்சைக்காகவும் பிறகு தங்கச்சியின் கல்யாணப் புடைவைக்காகவும் சில தடவைகள் சென்னை போய் வந்திருக்கிறேன். இரண்டு வகை விமானத்திலும் ஏறியாயிற்று. ஒன்றேகால் மணி நேரப் பயணத்துக்கு மலிவு விமானமே போதும் என்பது என் முடிவு. ஆனால் வன்னியிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு அது இரண்டாவது கேள்விதான். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையமா, கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையமா என்பதே முதற் கேள்வி.

முதல் தடவை போனபோது எனக்கு இது தெரியாது. "வயது போனவரைக் கூட்டிக்கொண்டு போகிறாய், நல்ல விமானமாகப் பார்த்துப் போடு" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் கட்டுநாயக்காவிலிருந்து முழுச் சேவை நிறுவனம் ஒன்றில் காலை விமானத்துக்குப் பதிவு செய்தேன். அந்தக் காலை விமானத்துக்காக முதல் நாள் இரவு எட்டு மணிக்கே கூலி வான் ஒன்றில் ஏற வேண்டியிருந்தது. வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, வவுனியா, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் என்று இரவு முழுவதும் ஓடினோம். 300 கிலோமீற்றருக்கு மேல். விமான நிலையத்தில் இறங்கும்போது அம்மாவின் கால்கள் வீங்கியிருந்தன. விமானத்தில் நல்ல இருக்கைதான், சிரித்த முகத்தோடு உபசரிப்புத்தான். ஒரு சிறிய பெட்டியில் சாப்பாடும் தந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. அம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி என்னிடம் தந்தார். நான் என்னுடையதைச் சாப்பிட்டு முடிக்கும் முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிட்டது. கூடக் கொடுத்த காசு அந்தப் பெட்டிக்கும் அந்தச் சிரிப்புக்கும்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அம்மாவின் கால்வீக்கத்தை அது தடுக்கவில்லை.

அடுத்த தடவை பலாலி. 2019 ஒக்டோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. கொரோனா வந்து மூடியது. 2022 டிசெம்பரில் அலையன்ஸ் எயார் மீண்டும் பறக்கத் தொடங்கியது. 2024 செப்டெம்பர் 1 முதல் இண்டிகோவும் வந்தது. இரண்டும் இந்தத் தடத்தில் விட்டவை ஏடிஆர் 72 வகைச் சிறிய விமானங்கள். வீட்டிலிருந்து பரந்தன், ஆனையிறவு, பளை, கொடிகாமம் என்று வடக்கே சுமார் 80 கிலோமீற்றர். காலைச் சாப்பாட்டை வீட்டில் முடித்துவிட்டுப் புறப்பட்டோம். மாலை சென்னையில் தேநீர் குடித்தோம். கூலி வானில் ஒரு இரவும், திரும்பி வருகையில் இன்னொரு இரவும் மிச்சம். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததைவிட இது பெரிது.

அதனால் கணக்கைப் படலையிலிருந்து தொடங்குங்கள். முல்லைத்தீவுக்காரர் பரந்தன் வீதியால் ஏறினால் வடக்குத்தான் கிட்ட. மன்னார்க்காரருக்குப் பூநகரி வழியாகச் சங்குப்பிட்டிப் பாலம் இருக்கிறது. கிளிநொச்சிக்குக் கேள்வியே இல்லை. வவுனியாதான் இடைநடுவில்: பலாலிக்கு 150 கிலோமீற்றர் அளவு, கட்டுநாயக்காவுக்கு 200க்கு மேல். தூரத்தில் பலாலி வெல்கிறது. நாள், நேரம், இருக்கை எண்ணிக்கை ஆகியவற்றில் கட்டுநாயக்கா வெல்கிறது.

முதல் தடவை ஏடிஆர் விமானத்தைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டார். "விசிறி வெளியில் சுற்றுகிறதே பிள்ளை, இது பழைய விமானமா?" என்று கேட்டார். வெளியில் விசிறி இருப்பதால் அது பழையது ஆகிவிடாது. ஜெட் விமானம் உயரத்துக்குப் போன பிறகுதான் சிக்கனமாக ஓடும். இவ்வளவு சிறிய தூரத்தில் உயரத்தைப் பிடிப்பதற்குள் இறங்க வேண்டி வந்துவிடும்; அங்கே விசிறி விமானம்தான் எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும். பின்கதவால் சில படிகள் ஏறினால் உள்ளே போய்விடலாம். முழங்கால் நோகிறவர்களுக்கு அதுவும் ஒரு வசதி. தாழப் பறப்பதால் பாக்கு நீரிணையையும் நன்றாகப் பார்க்கலாம். ஒரே குறை, தலைக்கு மேலுள்ள தட்டு சிறியது. சக்கரம் வைத்த கைப்பெட்டி அதற்குள் இலேசில் போகாது. மென்மையான பை கொண்டுபோங்கள்.

மலிவு என்றால் பாதுகாப்பும் மலிவு என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். விமானத்தைப் பரிசோதிக்கும் சட்டமும் விமானிக்கான உரிமமும் இரண்டு வகைக்கும் ஒன்றுதான். விலை குறைவது வேறு இடங்களில். ஒரே வகை விமானங்களாக வாங்கினால் உதிரிப்பாகமும் பயிற்சியும் ஒரு வகைக்கே போதும். முழுச் சேவை நிறுவனம் 150 பேர் அளவில் ஏற்றும் ஏ320 விமானத்தில் மலிவு நிறுவனம் 180 இருக்கைகள் வைக்கும். முழங்கால் இடிப்பது அதனால்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, விமானத்தைத் தரையில் நிற்க விடமாட்டார்கள். அமெரிக்காவில் 1971இல் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் நிறுவனம் பத்தே நிமிடத்தில் ஆட்களை இறக்கி, ஏற்றி, மீண்டும் கிளம்பிப் பெயரெடுத்தது. ஏ9 வீதியில் தனியார் பஸ் நடத்துநர் "ஏறு, ஏறு" என்று அவசரப்படுத்துவதும் இதே கணக்கில்தான்: நிற்கும் வண்டி உழைக்காது.

இந்த ஓட்டத்துக்கு ஒரு விலை உண்டு. காலையில் எங்கேயோ அரை மணி நேரம் பிந்திய விமானம், அந்தத் தாமதத்தை நாள் முழுவதும் சுமந்துகொண்டு திரியும். மாலைச் சேவையில் ஏறுகிறவர் காலையில் யாரோ பிந்தியதற்குக் காத்திருப்பார். தெரிவு இருந்தால் அன்றைய முதற் சேவையை எடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அம்மா இப்போது வாழையிலையில் கட்டிய இடியப்பமும் கட்டிச் சம்பலும் கொண்டுபோகிறார். பக்கத்து இருக்கைக்காரர்கள் பொறாமையோடு பார்க்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது பொதி. மலிவு டிக்கெட்டின் அழகிய விலையைப் பார்த்து மயங்கினால் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அந்த விலையில் எத்தனை கிலோ அடங்குகிறது, அல்லது கைப்பை மட்டும்தானா என்று வாசித்துவிட்டே காசைக் கட்டுங்கள். இப்போது முழுச் சேவை நிறுவனங்கள் பலவும் பொதி இல்லாத மலிவு டிக்கெட்டை விற்கின்றன. "பெரிய நிறுவனம்தானே, பொதி இருக்கும்" என்ற பழைய நம்பிக்கை செல்லாது. கூடுதல் கிலோவை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் ஒரு விலை, கவுண்டரில் நின்று வாங்கினால் வேறு விலை. புடைவை எடுக்கப் போனபோது நான் போகும் எடையைத்தான் எண்ணினேன். புளுக்கொடியல், மிளகாய்த்தூள், கருவாடு எல்லாம் சேர்த்தும் அளவுக்குள் நின்றது. வரும்போது ஒரு சோடிப் பித்தளைக் குத்துவிளக்கு ஆறு கிலோவைக் கூட்டிவிட்டது. சென்னைக் கவுண்டரில், பின்னால் வரிசை நிற்க, பெட்டியைத் திறந்து உறவுக்காரர் எல்லோர் முன்னிலையிலும் உள்பாவாடைகளை வெளியே எடுத்தும் ஆறு கிலோ ஆறு கிலோவாகவே நின்றது. கட்டிய காசுக்கு இன்னொரு நல்ல பருத்திப் புடைவை வாங்கியிருக்கலாம். நீங்களும் கல்யாணச் சாமானுக்குத்தான் போகிறீர்கள். வரும் வழிக்கு இப்போதே கூடுதல் கிலோ வாங்கிவிடுங்கள்.

முழுச் சேவையைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்லும் சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று: அதற்குப் பிறகு இன்னொரு விமானம் ஏற வேண்டியிருந்தால். ரொறன்ரோவிலிருந்து வந்த என் மச்சாள் சென்னை வரை ஒரு பெரிய நிறுவனத்தில் வந்தார். அங்கிருந்து கொழும்புக்கு மலிவாக இருக்கிறதே என்று தனியாக இன்னொரு டிக்கெட் வாங்கியிருந்தார். முதல் விமானம் நான்கு மணி நேரம் பிந்தியது. இரண்டாவது நிறுவனத்துக்கு அவர் வெறுமனே வராத பயணி. காசு போயிற்று, அன்றைய விலைக்குப் புது டிக்கெட். தனித்தனி டிக்கெட் என்பதால் பொதியும் சென்னையிலேயே வெளியில் வந்துவிடும். அதை எடுக்க இந்திய விசா வேண்டும். நல்ல வேளை, அவரிடம் இருந்தது. ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் பொதி நேரே கட்டுநாயக்காவுக்கு வந்திருக்கும். முதல் விமானம் பிந்தினால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பும் நிறுவனத்துடையதாக இருந்திருக்கும். உபசரிப்புக்காக அல்ல, இந்தப் பொறுப்புக்காகக் கூடக் கொடுக்கலாம். சென்னையோடு பயணம் முடிகிற உங்களுக்கு அது தேவைப்படாது.

சாமான் மிக அதிகம் என்றால், 2023 ஒக்டோபரில் தொடங்கிய நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலையும் விசாரித்துப் பாருங்கள். எனக்குக் கடல் ஒத்துவராது. அதனால் அதைப் பற்றி அனுபவத்தில் பேச முடியாது.

இனி உங்கள் விஷயம். மலிவு நிறுவனங்கள் பெரும்பாலும் போகும் வழியையும் வரும் வழியையும் தனித்தனியாகவே விலை போடுகின்றன. ஆகவே இரண்டு பக்கமும் ஒரே விமான நிலையமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெறும் பெட்டியோடு போகும்போது பலாலி. சாமானோடு வரும்போது, பெரிய விமானம் வரும் கட்டுநாயக்கா. அப்பா அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமானால் டிக்கெட் போடும்போதே சொல்லுங்கள். மலிவு விமானத்திலும் அது கிடைக்கும். பக்கத்துப் பக்கத்து இருக்கைக்குக் கேட்கும் சிறிய காசை மட்டும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். முதல் தடவை பறக்கும் அம்மாவுக்குக் கை பிடிக்க ஆள் வேண்டும்.

எங்கள் அம்மாவுக்குப் பலாலியில் ஒரேயொரு மனக்குறை உண்டு. வடக்கே போனால் முறிகண்டிப் பிள்ளையார் வழியில் வரமாட்டார். அதனால் போன தடவை வானைத் தெற்கே திருப்பச் சொல்லி, முறிகண்டிக்குப் போய்த் தேங்காய் உடைத்து, வந்த வழியே திரும்பி, வீட்டு வாசலைத் தாண்டித்தான் பலாலிக்குப் போனோம். வான்காரர் ஒன்றும் சொல்லவில்லை, கூலியில் மட்டும் காட்டினார். வவுனியாவிலிருந்து வரும் உங்களுக்கு அந்தச் செலவும் இல்லை. அவர் வழியிலேயே இருக்கிறார்.