இதயம் நின்றுபோனால்: முதலுதவி கேள்வி பதில்

(முதலுதவிப் பயிற்சி தரும் செவிலியர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றுதானே, சிஸ்டர்?

இல்லை. மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. நெஞ்சு வலிக்கும், வியர்த்துக் கொட்டும், ஆனால் ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார். அவர் நெஞ்சை அழுத்தாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இதய நிறுத்தத்தில் ரத்த ஓட்டமே நின்றுவிடும். ஆள் சரிந்து விழுவார், கூப்பிட்டாலும் அசைய மாட்டார். முதலாவது எந்த நிமிடமும் இரண்டாவதாக மாறலாம். அதனால் பக்கத்தை விட்டு நகராதீர்கள்.

என் மாமா விழுந்தபோது வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினார். மூச்சுதான் இருக்கிறதே என்று காத்திருந்துவிட்டோம். தப்பு செய்துவிட்டோமா?

மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். பயிற்சி பெற்றவர்களே ஏமாறும் இடம் இது. தண்ணீரை விட்டு வெளியே எடுத்த மீன் வாயைப் பிளக்குமே, அதுபோல விட்டு விட்டு வரும். சில நேரம் குறட்டைச் சத்தமும் கேட்கும். அது உயிர் காக்கும் மூச்சே அல்ல. இதயம் நின்ற பிறகும் மூளைத்தண்டு கொஞ்ச நேரம் தானாகச் செய்கிற வேலை. விழுந்தவுடன் வலிப்புபோல் கைகால் வெட்டி இழுப்பதும் உண்டு.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். மார்பு சீராக ஏறி இறங்குகிறதா என்று 10 நொடிக்குள் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் மூச்சு இல்லை என்றே முடிவு செய்யுங்கள். நாடி பிடித்துப் பார்க்க நேரம் செலவழிக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு எவ்வளவு பலமாக அழுத்த வேண்டும்?

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அருகே வையுங்கள். ஆளைத் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். மார்பின் நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே இன்னொரு கையைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக் கூடாது. என் வகுப்பில் எல்லோரும் முதலில் கை பலத்தால்தான் அழுத்துவார்கள், அரை நிமிடத்தில் களைத்துவிடுவார்கள். உடம்பின் பாரத்தை இறக்குங்கள். 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலே வரட்டும். அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்.

பயிற்சி இருந்தால் 30 அழுத்தம், 2 ஊதல் (வாயோடு வாய் வைத்து மூச்சை ஊதுவது). இல்லாவிட்டால் அழுத்திக்கொண்டே இருங்கள், போதும்.

விலா எலும்பு முறிந்துவிட்டால்?

முறியலாம். முறிந்த எலும்பு கூடிவிடும். தொடருங்கள்.

என் பையனுக்கு 3 வயது, பாப்பாவுக்கு 7 மாதம். அவர்களுக்கும் இப்படித்தானா?

பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மூச்சு தடைபட்டுத்தான் இதயம் நிற்கிறது: நீரில் மூழ்குவது, தொண்டையில் ஏதாவது சிக்குவது. அதனால் ஊதலை விட்டுவிடாதீர்கள். ஐரோப்பிய முறையில் முதலில் 5 ஊதல். அமெரிக்க முறையில் நேராக அழுத்தம். நீங்கள் எதைக் கற்றீர்களோ அதைச் செய்யுங்கள். தனியாக இருந்தால் 30க்கு 2.

ஆழம் மார்பின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு: பையனுக்குச் சுமார் 5 செ.மீ., பாப்பாவுக்குச் சுமார் 4 செ.மீ. பையனுக்கு ஒரு கை போதும். பாப்பாவின் மார்பை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து, இரண்டு கட்டைவிரல்களால் அழுத்துங்கள். தலையைப் பின்னால் அதிகம் சாய்க்காமல் நேராக வைத்து, பாப்பாவின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, மார்பு எழும் அளவு மட்டும் மெல்ல ஊதுங்கள்.

இதயத்துக்கு மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் ஏ.இ.டி. கருவியை நான் தொடலாமா?

தாராளமாக. திறந்தால் அதுவே பேசி வழி சொல்லும். ஈரமிருந்தால் மார்பைத் துடைத்துவிட்டு, கருவியோடு வரும் ஒட்டுப் பட்டைகளில் (பேட்) ஒன்றை வலது காறை எலும்புக்குக் கீழும் மற்றதை இடது அக்குளுக்குக் கீழும் ஒட்டுங்கள். அது "விலகுங்கள்" என்றால் யாரும் தொடக் கூடாது. ஷாக் கொடுத்ததும் உடனே மறுபடி அழுத்துங்கள்.

எப்போது நிறுத்துவது?

அவர் அசைந்து, கண் திறந்து, சீராக மூச்சு விட்டால். அல்லது ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து உங்கள் கைக்குப் பதில் தங்கள் கையை வைத்தால்.