கேம் ஆடும்போது ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு 60 சதவீதமும் ரைசன் 5 3600 பிராசசர் 40 சதவீதமும்தான் வேலை செய்கின்றன. இரண்டில் எதை மாற்றுவது?

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். சந்தேகம் பிராசசர் மீதுதான் விழுகிறது என்றாலும், அதை உறுதிசெய்துகொள்ள ஒரு மணி நேரம் போதும்.

40 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்துப் பிராசசர் ஓய்வாக இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் காட்டுவது 12 திரெட்டுகளின் (பிராசசர் ஒரே நேரத்தில் வேலைகளை ஓட்டும் தடங்களின்) சராசரியைத்தான். அவற்றுள் ஒன்று மட்டும் முழு மூச்சில் ஓடினால் மொத்தக் கணக்கில் அது எட்டு சதவீத அளவுக்கே தெரியும். பெரும்பாலான கேம்களில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உரிய வேலையை ஒழுங்குபடுத்திக் கார்டுக்கு அனுப்பும் முதன்மைத் திரெட் ஒன்று உண்டு. அது திணறினால், மற்ற திரெட்டுகள் சும்மா இருந்தாலும் கார்டு காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

முதலில் வி-சிங்கையும் (ஃப்ரேம் வேகத்தை மானிட்டரின் வேகத்தோடு பூட்டும் அமைப்பு) ஃப்ரேம் வரம்பையும் அணைத்துவிடுங்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வி-சிங்க் இருந்தால் 60 ஃப்ரேமோடு இரண்டுமே அடங்கி நிற்கும். அது குறையே அன்று. பிறகு கேமில் ஒரே இடத்தில் நின்றபடி ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்குக் குறையுங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை தாவி உயர்ந்தால் கார்டுதான் தடை. அசையாமல் நின்றால் தடை பிராசசர் பக்கம் இருக்கிறது.

'பக்கம்' என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலூர் சத்துவாச்சாரியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், கத்திரி வெயில் நாள்களில் எனக்கும் இதே தொல்லை வந்தது. கடைக்காரர் புதிய கார்டு வாங்கச் சொன்னார். வேகத்தையும் வெப்பத்தையும் காட்டும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தபோது, தொடக்கத்தில் 4 கிகாஹெர்ட்ஸில் ஓடிய பிராசசர், வெப்பம் 95 டிகிரியைத் தொட்டதும் 3-க்கும் கீழே இறங்குவது தெரிந்தது. நீரில்லா ஆறு என்று பெயரெடுத்த ஊரில் புழுதிக்கா பஞ்சம்? பிராசசரின் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க் முழுக்க அடைத்திருந்தது, இரண்டுக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்து போயிருந்தது. இரண்டையும் சரிசெய்ததும் வேகம் குறைவது நின்றது. அதன் பின்னும் ஆட்டம் இடையிடையே வெட்டி வெட்டி ஓடியதற்கு, ஒற்றை 8 ஜிபி ராம் குச்சியே காரணம். இரண்டாவது குச்சியைச் சேர்த்து, இரண்டும் இணையாக இயங்கும் டூயல் சேனல் ஆக்கிய பிறகே ஆட்டம் சீரானது. ஆகவே சோதனையை மாலையில் மட்டும் செய்யாமல், நண்பகலிலும் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

வெப்பமும் ராமும் சரியாக இருந்தும் 720-இல் ஃப்ரேம் உயரவில்லை என்றால், பிராசசரை மாற்றுவது நியாயம். உங்கள் மதர்போர்டு ஆதரிக்குமானால் அதே ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5 5600 பொருந்தும். பழைய 3600-ஐக் கழற்றும் முன்பே பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்துவிடுங்கள், இல்லையேல் புதியதைப் போட்ட பின் திரையில் எதுவும் வராமல் போகலாம்.